5ஜி ஃபில்டர் ரிவ்யூ: ஏர்போர்ட்டுக்கு 2.1 கிலோமீட்டர், நம்ம டிஷ்ஷுக்கு ஒரு அலுமினியக் குழாய்

மொதல்லயே சொல்லிடறேன், வாங்கலாம். ஆனா எதை வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கணும். நான் ரெண்டு தடவை தப்பா வாங்கி, மூணாவது தடவைதான் சரியானதை வாங்கினேன், அந்த ரெண்டு தடவை போன காசு உங்களுக்காவது மிச்சமாகட்டும்னுதான் உக்காந்து இதை டைப் பண்றேன்.

பொருள் என்னன்னா, சேட்டிலைட் டிவி சிக்னல் பிடிக்கற பெரிய சி பேண்ட் டிஷ்ல, சிக்னல வாங்கிக்கற ஃபீட் ஹார்னுக்கும் (டிஷ் முன்னாடி நிக்கற புனல்) அதப் பெருக்கி கேபிள்ல அனுப்பற எல்என்பிக்கும் நடுவுல போல்ட் போட்டு மாட்டற, 5ஜி டவர் சிக்னல உள்ள விடாத ஃபில்டர். பாக்க ஒரு சாண் நீளத்துக்கு செவ்வகமா ஒரு அலுமினியக் குழாய், ரெண்டு பக்கமும் பத்து ஓட்டை போட்ட ஃப்ளாஞ்ச் (போல்ட் போடற தட்டு), மேல வரிசையா குட்டி ஸ்க்ரூ. கரண்ட் கிடையாது, லைட் கிடையாது, ஒண்ணுமே கிடையாது. இதுக்கா நாலாயிரத்துச் சொச்சம்னு என் மச்சான் கேட்டான். நானும் பார்சலப் பிரிச்சப்ப அதத்தான் நினைச்சேன். கம்பெனி பேரு சொல்லல, ஏன்னா சில குறையும் எழுதப் போறேன், அதுவுமில்லாம இதே மாடல நாலஞ்சு பேரு வேற வேற ஸ்டிக்கர் ஒட்டி விக்கறாங்க.

நாங்க கேபிள் டிவி நடத்தறோம், எங்க கண்ட்ரோல் ரூம் திருச்சி ஏர்போர்ட் பக்கம். மொட்டை மாடியில அஞ்சு டிஷ், ரெண்டு 12 அடி, மூணு 8 அடி. பெரிய எம்எஸ்ஓ (சேனல மொத்தமா சப்ளை பண்ற கம்பெனி) எல்லாம் ஃபைபர்ல ஃபீட் குடுக்கறேன்னு வந்து கேட்டாங்க, நாங்கதான் வீம்புக்கு சொந்த ஹெட்எண்ட் (டிஷ்ல சேனல் பிடிச்சு லைன்ல அனுப்பற செட்டப்) வெச்சு ஓட்டிட்டு இருக்கோம். அந்த வீம்புக்குக் கிடைச்ச பரிசுதான் இந்தக் கதை.

2022 அக்டோபர் 1-ம் தேதி 5ஜி ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நாள்ல டவுன்ல எல்லாரும் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து ஸ்டேட்டஸ் போட ஆரம்பிச்சுட்டாங்க, எங்க ஏரியாவுல மட்டும் ஃபோன் 4ஜிய விட்டு நகரவே மாட்டேங்குது. கலெக்‌ஷனுக்குப் போற வீட்டுல எல்லாம் "ஏண்ணே நம்ம பக்கம் மட்டும் வரல"ன்னு என்னையே கேக்கறாங்க, என்னமோ டவரும் நான்தான் நடத்தற மாதிரி. அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது. 2022 நவம்பர் கடைசியில டெலிகாம் டிபார்ட்மென்ட் கம்பெனிகளுக்கு ஒரு லெட்டர் போட்டுச்சு, ரன்வேயோட ரெண்டு முனையில இருந்தும் 2.1 கிலோமீட்டர், நடுக்கோட்டுல இருந்து ரெண்டு பக்கமும் 910 மீட்டர், அதுக்குள்ள 3.3-ல இருந்து 3.67 ஜிகாஹெர்ட்ஸ்ல 5ஜி டவர் வெக்காதீங்கன்னு. அதைத் தாண்டி இன்னொரு 540 மீட்டருக்கு வெச்சாலும் பவர் இவ்வளவுதான்னு ஒரு அளவு வேற.

காரணம் ஃப்ளைட்டுல இருக்கற ரேடியோ ஆல்டிமீட்டர். கீழ தரையப் பாத்து சிக்னல் அடிச்சு, அது திரும்பி வர நேரத்த வெச்சு இன்னும் எத்தனை அடி உயரத்துல இருக்கோம்னு சொல்ற மெஷின். அது 4.2-ல இருந்து 4.4 ஜிகாஹெர்ட்ஸ்ல ஓடுது. பக்கத்துல 5ஜி பலமா அடிச்சா அது குழம்பிடுமோன்னு பயம். அமெரிக்காவுல 2022 ஜனவரியில இதுக்குப் பெரிய கலாட்டாவே நடந்துச்சு, எமிரேட்ஸ் எல்லாம் அங்க போற ஃப்ளைட்ட கேன்சல் பண்ணாங்க, கடைசியில ஏர்போர்ட் பக்கம் டவர ஆன் பண்ணாம தள்ளி வெச்சாங்க. சரி, உயிர் விஷயம், தப்பே இல்ல.

இப்ப நம்ம கணக்குக்கு வாங்க. 5ஜி முடியறது 3.67. ஃப்ளைட் ஆரம்பிக்கறது 4.2. நடுவுல 530 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, அதுக்கும் மேல 2.1 கிலோமீட்டர் தூரம். அந்த இடைவெளியில யாரு உக்காந்திருக்கா? நாமதான். சேட்டிலைட் டிவி சி பேண்ட் 3.7-ல இருந்து 4.2 வரைக்கும். நமக்கும் 5ஜிக்கும் நடுவுல வெறும் 30 மெகாஹெர்ட்ஸ். தூரம்? ஒரு மீட்டர் கூட கிடையாது. எதிர் வீட்டு மாடியில டவர் வந்தாலும் நாம கேக்க முடியாது.

ஏர்போர்ட் புண்ணியத்துல நாங்க ஒரு வருஷம் நிம்மதியா இருந்தோம், இருந்தோம்னு கூட தெரியாம இருந்தோம். 2023 மழைக்காலம் ஆரம்பிக்கறப்ப அந்த எல்லைக்கு வெளிய, எங்க மாடியில இருந்து நேராப் பாத்தா தெரியற மாதிரி ஒரு டவர்ல புதுசா பொட்டி மாதிரி ஆன்டெனா ஏறுச்சு. நான் அதக் கவனிக்கவே இல்ல. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல ஒவ்வொரு சேனலா கட்டம் கட்டமா உடைய ஆரம்பிச்சது. மழைத்தண்ணி கனெக்டர்ல இறங்கிடுச்சுன்னு நினைச்சு எல்லா கனெக்டரும் மாத்தினோம். எல்என்பி மாத்தினோம். கேபிள் மாத்தினோம். ரிசீவர கழட்டி தூசி ஊதினோம். ராத்திரி ரெண்டு மணிக்குப் பாத்தா பளிங்கு மாதிரி வருது, காலையில பத்து மணிக்கும் ஓரளவுக்கு வருது, சாயங்காலம் ஆனா போச்சு. செய்வினை வெச்சுட்டாங்கன்னு எங்க அத்தை எலுமிச்சம்பழம் நறுக்கி மாடியில வெச்சுட்டு வந்தாங்க, டெக்னிக்கலா அதுக்கப்புறம் நான் செஞ்ச மொத ரெண்டு வேலையும் அந்த எலுமிச்சம்பழத்த விடப் பெருசா ஒண்ணும் இல்ல.

உச்சகட்டம் நவம்பர் 15, இந்தியா நியூசிலாந்து வேர்ல்டு கப் செமி ஃபைனல். கோலி ஒன்டேயில 50-வது செஞ்சுரி அடிச்சுட்டு சச்சினப் பாத்து குனிஞ்சு கும்பிடறாரு, எங்க லைன்ல அவரு தலை ஒரு கட்டத்துல, கை இன்னொரு கட்டத்துல, அப்படியே ஃப்ரீஸ். ஃபோன் விடாம அடிக்குது. ஒருத்தரு கேக்கறாரு, "தம்பி, செல்லுல நல்லா வருதே, காசு வாங்கிட்டு நீங்க குடுக்கறது மட்டும் ஏன் இப்படி?" பின்னாடிதான் புரிஞ்சது, செல்லுல நல்லா வர்றதுனாலதான் எங்களுக்கு வரல. 5ஜி டவர் ஆள் இல்லாதப்ப கம்மியாத்தான் அடிக்கும், எல்லாரும் ஒரே நேரத்துல மேட்ச் பாத்தா முழு மூச்சா அடிக்கும். அந்த வேர்ல்டு கப்புக்கு மொபைல்ல மேட்ச் ஃப்ரீ வேற. ஊரே செல்லுல பாக்கப் பாக்க எங்க டிஷ் மூச்சு முட்டுது.

தஞ்சாவூர் பக்கம் தொழில் பண்ற ஒரு அண்ணன், எந்த அலைவரிசையில எவ்வளவு சிக்னல் இருக்குன்னு படமா காட்டற ஸ்பெக்ட்ரம் அனலைசர் கொண்டு வந்தாரு. எல்என்பி கேபிள அதுல சொருகினதும் சிரிச்சுட்டாரு. நம்ம சேனல் எல்லாம் 950-ல இருந்து 1450 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் மேடு மேடா தெரியணும். தெரியுது, குட்டி குட்டியா. 1480-ஐத் தாண்டினதும் கோயில் மதில் மாதிரி ஒரு சுவரு நேரா எழும்பி நிக்குது. சி பேண்ட் எல்என்பி வர்ற அலைவரிசைய 5150-ல இருந்து கழிச்சு கேபிள்ல அனுப்பும், அதனால அனலைசர்ல வரிசை தலைகீழாத்தான் தெரியும், 3700-ல வர்ற சேனல் 1450-ல தெரியும், 3670 வந்து 1480. ஆக அந்தச் சுவரு வேற யாரும் இல்ல, 5ஜிதான். சாயங்காலம் ஆக ஆக அந்தச் சுவரு உயருது, சுவரு உயர உயர இந்தப் பக்கம் நம்ம மேடு எல்லாம் அமுங்குது. கண்ணால பாத்தப்பத்தான் அடிவயித்துல ஒரு மாதிரி ஆச்சு.

நான் அவருகிட்ட கேட்டது, அது 1480-க்கு அந்தப் பக்கம்தானே இருக்கு, நம்ம இடத்துக்கு வரவே இல்லியே, அப்புறம் ஏன் நம்ம சேனல் போகுது? விஷயமே அங்கதான் இருக்கு. அவங்க வேலி தாண்டல. நம்ம எல்என்பிதான் காத 3.4-ல இருந்து 4.2 வரைக்கும் விரிச்சு வெச்சிருக்கு, சாதா எல்என்பி பெரும்பாலும் அப்படித்தான். 36,000 கிலோமீட்டர் தாண்டி வர்ற முனகலக் கேக்கறதுக்காக 60 டிபிக்கு மேல, அதாவது பத்து லட்சம் மடங்குக்கு மேல பெருக்குது. அந்தக் காதுல டவர் சத்தம் விழுந்தா? டிஷ் வானத்தப் பாத்துத்தான் இருக்கு, எங்க ஊர்ல இருந்து 66 டிகிரி கிழக்குல இருக்கற சேட்டிலைட்டுக்கு கிட்டத்தட்ட 70 டிகிரி தூக்கிப் பாக்கணும், டவர் சைடுல இருக்கு, இருந்தாலும் நான் தோராயமா போட்ட கணக்குல டவர் சத்தம் சேட்டிலைட்ட விட பத்து லட்சம் மடங்கு வருது. கெட்டிமேளம் அடிக்கறப்ப பக்கத்துல உக்காந்து யாராச்சும் ரகசியம் பேசினா எப்படி இருக்கும், அதான். மேளக்காரரு ரகசியம் பேசற ஆளு மடியில ஏறி உக்காரல, அவரு எடத்துலதான் அடிக்கறாரு, ஆனா காது அடைச்சுப் போச்சு.

இது புரியாம நான் மொதல்ல வாங்கினது அறுநூறு ரூபாய்க்கு ஒரு குட்டி ஃபில்டர், விரல் நீளம், ரெண்டு பக்கமும் கேபிள் சொருகற எஃப் கனெக்டர், மேல கொட்டை எழுத்துல 5ஜி ஃபில்டர்னு இருக்கும். கேபிள்ல, அதாவது எல்என்பிக்குப் பின்னாடி மாட்டறது. தயவுசெஞ்சு வாங்காதீங்க. காது அடைச்சதுக்கப்புறம் பஞ்சு வெச்சு என்ன பிரயோஜனம்? அனலைசர்ல பாத்தா சுவரு காணாமப் போச்சு, ஆஹான்னு இருந்துச்சு, ஆனா படம் அதே கட்டம்தான். டிஷ் பக்கத்துலயே டவர் இல்லாம ரொம்பத் தள்ளி இருந்து, எல்என்பி தாங்கிட்டு ரிசீவர் மட்டும் தடுமாறற கேஸுக்கு வேணும்னா உதவலாம். எனக்கு உதவல.

ரெண்டாவது, 5ஜி எல்என்பி. உள்ளயே 3.7-ல இருந்துன்னு வடிகட்டி வெச்சிருக்கறது. இது பொய் இல்ல, 12 அடி டிஷ் ரெண்டும் இதுலயே முக்கால்வாசி சரியாயிடுச்சு. ஆனா இத்தனூண்டு சர்க்யூட் போர்டுக்குள்ள 30 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில செங்குத்தா வெட்டறது நடக்கற காரியமா. 3.5-அ நல்லா தடுக்குது, 3.65 பக்கம் வந்தா கோட்டை விடுது. 8 அடி டிஷ்ல 3700 ஓரத்துல இருக்கற சேனல் எல்லாம் அழுதுட்டேதான் இருந்துச்சு.

அப்புறம்தான் இந்த அலுமினியக் குழாய். இப்ப நம்பர் சொல்றேன், இது என் மீட்டர்ல நான் பாத்தது. ஒரு 8 அடி டிஷ், ஒரு குறிப்பிட்ட சேனல், எம்இஆர் (சிக்னல் எவ்வளவு சுத்தமா வருதுங்கற அளவு, கூட இருந்தா நல்லது) நடுராத்திரியில 11 டிபி, சாயங்காலம் 6. அந்தச் சேனல் அனுப்பற முறை 8பிஎஸ்கே 3/4, அதுல கிட்டத்தட்ட 8-க்குக் கீழ போனா படம் நிக்கும். ஃபில்டர் மாட்டினதும் சாயங்காலம் 9.8. நடுராத்திரியிலயும் 9.8. அடுத்த நாளும் 9.8. நான் அந்த நம்பரயே அரை மணி நேரம் பாத்துட்டு நின்னேன், கீழ இருந்து டீ ஆறுதுன்னு கத்தறாங்க.

கவனிச்சீங்களா, 11 இருந்தது 9.8 ஆச்சு. இதத்தான் விக்கறவன் சொல்ல மாட்டான். டப்பா மேல லாஸ் 0.5 டிபின்னுதான் போட்டிருக்கும், அட அரை டிபிதானேன்னு தோணும். எல்என்பி தானா போடற சத்தத்த கெல்வின்லதான் சொல்லுவாங்க, கம்மியா இருந்தா நல்லது. நாம 15 கெல்வின் எல்என்பி, 17 கெல்வின் எல்என்பின்னு பாத்துப் பாத்து வாங்கறோம்ல, அந்த எல்என்பிக்கு முன்னாடி அரை டிபி லாஸ் வெச்சா அது மட்டுமே 35 கெல்வின் சத்தத்தக் கூட்டும். திருச்சி வெயில்ல குழாய் கொதிக்கறப்ப இன்னும் கொஞ்சம் கூட. அதனால ஏற்கெனவே 8.5, 9-ன்னு நொண்டிட்டு இருக்கற சேனலுக்கு இதப் போட்டா டவர் தொந்தரவு போயிடும், சேனலும் சேர்ந்து போயிடும். மொதல்ல டிஷ்ஷ ஒழுங்கா ட்யூன் பண்ணி ரெண்டு டிபி மிச்சம் வெச்சுக்கங்க, இல்ல பெரிய டிஷ்ஷுக்குப் போங்க. ஒரு 8 அடி டிஷ்ஷ நான் கடைசியில 10 அடியா மாத்த வேண்டியதாப் போச்சு.

வாங்கறதுக்கு முன்னாடி மாடிக்குப் போய் ஒண்ணு பாத்துடுங்க. எல்என்பியும் ஹார்னும் ஒண்ணா வார்த்த மாடலா இருந்தா இது மாட்டவே முடியாது, நடுவுல பிரிக்க இடம் இருக்கணும். ஹாரிசான்டல் (படுக்கை அலை), வெர்டிக்கல் (நிக்கற அலை) ரெண்டுக்கும் தனித்தனி எல்என்பி போட்ட ஃபீடா இருந்தா ஃபில்டரும் ரெண்டு வேணும், ஆக விலை ரெண்டு மடங்கு. நான் ஒண்ணுதான் ஆர்டர் பண்ணேன், வந்தப்பறம் தலையில அடிச்சுக்கிட்டு இன்னொண்ணு போட்டேன், அது வர ஒம்போது நாளு.

மாட்டறது பெரிய வேலை இல்ல, ஒரு மணி நேரம். ஃபோகஸ் மாறாது, ஹார்ன் அங்கயேதான் இருக்கு, எல்என்பிதான் பின்னாடி தள்ளுது. ஆனா அந்த வெயிட்டு சேர்ந்து எங்க பழைய ட்ரைபாட் கால் லேசா தொங்கிடுச்சு, மறுபடி கட்டி இழுத்து, ஸ்க்யூ (எல்என்பி திரும்பி நிக்கற கோணம்) ஒரு நூல் திருப்பி அட்ஜஸ்ட் பண்ணோம். ஃபில்டர் மேல வரிசையா இருக்கற குட்டி ஸ்க்ரூவ மட்டும் தொடாதீங்க, லூசா இருக்கேன்னு என் மச்சான் டைட் பண்ணப் போனான், கையத் தட்டி விட்டேன். ஃபேக்டரியில ட்யூன் பண்ணி லாக் பண்ணது அது, கால் சுத்து திருப்பினாலும் எந்த இடத்துல வெட்டணுமோ அந்த இடம் நகர்ந்துடும்.

குறைன்னா, கூட வந்த போல்ட் சாதா இரும்பு. ஒரே மழையில துரு. மாடியில மழையில நிக்கற சாமானுக்கு எஸ்எஸ் போல்ட் குடுக்க என்ன கேடு? அத விடக் கொடுமை, ரெண்டு ஃப்ளாஞ்ச் இருக்கு, ரப்பர் ஓ-ரிங் ஒண்ணுதான் டப்பாவுல இருந்துச்சு. நான் சிலிக்கான் தடவி ஒப்பேத்தினேன். டிசம்பர் மழையில உள்ள தண்ணி இறங்கிடுச்சு, காலையில எம்இஆர் சைபர். கழட்டி சாய்ச்சா டீஸ்பூன் கணக்குல தண்ணி வருது. ஃபோன் பண்ணா "சார் வாட்டர் டேமேஜுக்கு வாரண்டி கிடையாது". ஓ-ரிங்க நீங்கதானப்பா குடுக்கல! ரெண்டு நாள் சண்டைக்கப்புறம் ரெண்டு ஓ-ரிங் கொரியர்ல அனுப்பினாங்க, கொரியர் சார்ஜ் நான் கட்டினேன். நல்லவேளை காய வெச்சு மாட்டினதும் வேலை செஞ்சுது. பொருளுக்கு அஞ்சுக்கு நாலரை, பேக்கிங்குக்கும் பேச்சுக்கும் ஒண்ணு.

கூடவே காசில்லாத வைத்தியம் ஒண்ணு, டவர் இருக்கற பக்கம் மாடி கைப்பிடிச் சுவத்துக்கு மேல அரை இஞ்ச் கோழிக்கூண்டு வலை ஆறடிக்குக் கட்டி எர்த் பண்ணேன். 5ஜி அலை நீளமே எட்டு சென்டிமீட்டருக்கு மேல, அரை இஞ்ச் ஓட்டையில அது பெரும்பாலும் நுழையாது. டிஷ் மேலாகப் பாக்கறதால வலை நம்ம சிக்னல மறைக்காது. 12 அடி டிஷ்ஷுக்கு 5ஜி எல்என்பியும் வலையும் சேர்ந்தே போதுமாயிடுச்சு, குழாய் வாங்கவே இல்ல. வலைய மொதல்லயே கட்டிப் பாத்திருக்கணும். பக்கத்து வீட்டுக்காரங்க கோழி வளக்கப் போறீங்களான்னு கேக்கறாங்க, கேக்கட்டும்.

வயித்தெரிச்சல் ஒண்ணு இருக்கு, அதயும் கொட்டிடறேன். அமெரிக்காவுல இதே சி பேண்ட ஏலம் விட்டப்ப, பதிவு பண்ணி வெச்சிருந்த டிஷ்ஷுக்கெல்லாம் ஃபில்டர் மாட்டற செலவு, இடம் மாத்தற செலவு எல்லாத்தையும் ஏலம் எடுத்த கம்பெனிங்களே குடுக்கணும்னு, அங்க டெலிகாம பாத்துக்கற எஃப்சிசி 2020-லயே ஆர்டர் போட்டுச்சு. சேட்டிலைட் கம்பெனிகளுக்கு சீக்கிரம் காலி பண்ணா இவ்வளவுன்னு 970 கோடி டாலர் வரைக்கும் தனியா. இங்க நான் மூணு குழாயும் நாலு எல்என்பியும் என் காசுலதான் வாங்கினேன், மாச கலெக்‌ஷன் எவ்வளவுன்னு இதே தொழில்ல இருக்கறவங்களுக்குச் சொல்லணுமா என்ன. ஃப்ளைட்டுல எல்லாம் ஆல்டிமீட்டருக்கு நல்ல ஃபில்டர் மாத்தி முடிச்சுட்டாங்கன்னா ஏர்போர்ட் பக்கம் இருக்கற அந்த 2.1 கிலோமீட்டர் தடையும் தளர்ந்துடும்னு சொல்றாங்க. அன்னிக்கு எங்க தெருவுலயே டவர் வரும். அதுக்குள்ள மிச்சம் இருக்கற 8 அடிக்கும் ஒரு குழாய் வாங்கி ரெடியா வெச்சுடணும்.

வாங்கறவங்க ஓ-ரிங்கும் எஸ்எஸ் போல்டும் தனியா வாங்கிடுங்க. எலக்ட்ரானிக்ஸ் கடையில கேட்டா முழிப்பாங்க. நான் ஃப்ளாஞ்ச கையிலயே எடுத்துட்டு மோட்டார் பம்பு ஸ்பேர் கடைக்குப் போனேன், காடியில வெச்சு அளந்து பாத்து அஞ்சு நிமிஷத்துல எடுத்துக் குடுத்துட்டாரு, ஒண்ணு எட்டு ரூபா.